பேய் பிடித்த ஊரா, ரயில் பிடித்த ஊரா?

தனுஷ்கோடியை "பேய் நகரம்" என்று வர்ணிக்கும் வீடியோவை இனி எவர் எனக்கு அனுப்பினாலும் அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்திருக்கிறேன். (கடைசியாக அனுப்பியவர் என் சொந்த அத்தை மகன். ஆகவே இந்தத் தீர்மானம் அடுத்த கல்யாணம் வரையில்தான் செல்லும்.)

அந்த வீடியோக்களுக்கெல்லாம் ஒரே இலக்கணம். முதலில் இடிந்த மாதா கோயிலின் சுவர். பின்னணியில் யாரோ அடித்தொண்டையில் முனகுவது போன்ற சங்கீதம். பிறகு ஒரு குரல், "ஆயிரமாயிரம் ஆண்டுகள் பழைமையான இந்த நகரத்தில் இன்றும் நள்ளிரவில் ரயில் கூவும் சத்தம் கேட்கிறதாம்" என்று சொல்லும். கீழே நாலாயிரம் பேர் கை கூப்பியிருப்பார்கள்.

நள்ளிரவில் அங்கே கூவுவது காற்றுதான். அதை விட்டுத்தள்ளுங்கள். எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்த "ஆயிரமாயிரம் ஆண்டு".

சேதுக்கரை புராதனமானது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மகோததி என்றும் ரத்னாகரம் என்றும் பெயர் வைத்து, இரண்டு கடல்களும் சந்திக்கிற அந்த முனையில் ஸ்நானம் செய்வதற்காக வடதேசத்து யாத்ரீகர்கள் பல நூற்றாண்டுகளாக நடந்தும் படகேறியும் வந்திருக்கிறார்கள். சேதுவின் மணலை எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்துவிட்டு, கங்கா ஜலத்தைக் கொண்டுவந்து ராமநாத ஸ்வாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தியாகும் என்று நம்பியிருக்கிறார்கள். அது க்ஷேத்திரம். ஆனால் நீங்கள் இன்று ஜீப்பிலோ காரிலோ போய் இறங்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிற அந்த இடிபாடுகள், அதாவது தபால் ஆபீசும் பள்ளிக்கூடமும் மாதா கோயிலும் ரயில்வே தண்ணீர்த் தொட்டியும் கொண்டிருந்த ஊர், ஸ்ரீராமபிரான் காலத்தது அல்ல. சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியார் காலத்தது.

அந்த ஊருக்கு ஆயுசு ஐம்பது வருஷம். 1914-இல் பிறந்து 1964-இல் போய்ச் சேர்ந்தது. பெற்றெடுத்தது ஒரு ரயில்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். (அவசரமாக இருப்பவர்கள் வீடியோவே பார்த்துக்கொள்ளலாம்.)

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக விரும்பியவர் எழும்பூரில் ரயிலேறித் தூத்துக்குடி வரையில் போய், அங்கே கப்பலேறி, மன்னார் வளைகுடாவின் அலைகளோடு ஓர் இரவு முழுவதும் மல்லுக்கட்டிவிட்டுத்தான் கொழும்புத் துறையில் இறங்க வேண்டியிருந்தது. பூகோளப் படத்தை விரித்துப் பார்த்த எந்த இஞ்சினீயருக்கும் இது அசட்டுத்தனமாகத்தான் தோன்றியிருக்கும், ஏனென்றால், ராமேஸ்வரம் தீவு தன் மூக்கை நீட்டி, மறுபக்கத்தில் மன்னார் தீவும் தன் மூக்கை நீட்டி, நடுவே மணல் திட்டுகளை வரிசையாகப் போட்டு, "இங்கேதானே ஐயா வழி இருக்கிறது!" என்று இயற்கையே கையைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தத் திட்டுகளின் மேலேயே பாலம் கட்டிக் கொழும்புக்கு நேராக ரயில் விட்டுவிடலாம் என்றுகூட யோசனை செய்தார்கள். செலவுக் கணக்கு வந்தது, யோசனை சுருங்கிற்று. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே உள்ள கடலுக்கு மட்டும் பாலம். தீவின் கோடி வரையில் தண்டவாளம். அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். அப்பால் இலங்கை அரசாங்க ரயில். இதுதான் நிறைவேறிய ஏற்பாடு.

மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902-லேயே ரயில் வந்துவிட்டது. பாம்பன் பாலத்தின் வேலை 1911-இல் ஆரம்பமாகி, 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறப்பு விழா நடந்தது. 145 கண்கள், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம், கப்பல் வரும்போது இரண்டு கைகளையும் தூக்கி வழிவிடுகிற, ஷெர்சர் என்னும் அமெரிக்கருடைய முறையில் அமைந்த தூக்குப்பாலம் நடுவிலே. பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நான் அதைத் தாண்டிப் போகிறேன், ரயிலைப் போலவே மெதுவாக.

பாலத்தைத் தாண்டினால் பாம்பன் ஜங்ஷன்.

ஜங்ஷன் என்ற அந்தஸ்து ஏன் வந்தது? இங்கேதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம் இருக்கிறது. பாம்பனிலிருந்து பிரதான பாதை நேராகத் தனுஷ்கோடிக்குப் போயிற்று. ராமேஸ்வரத்துக்குப் போனது ஒரு கிளைப் பாதை. ஆம், கிளைதான்! காசிக்குச் சமமான க்ஷேத்திரம், ஆயிரக்கணக்கான தூண்கள் நிற்கிற பிராகாரம், பாரத தேசம் முழுவதும் தேடி வருகிற ஸ்வாமி. ஆனால் ரயில்வேயின் கண்ணுக்கு அவர் கிளை லயன் தெய்வம். கம்பெனியின் சிரத்தையெல்லாம் கொழும்பில் இருந்தது. இன்றைக்கு எல்லாம் தலைகீழாகி, ராமேஸ்வரமே பிரதான பாதையின் முடிவாகவும் பாம்பன் ஒரு சாதாரண ஸ்டேஷனாகவும் இருப்பதால், பழைய பாதையைத் தேடிப் போகிறவர்கள் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு கிழக்கே பார்க்கிறார்கள். அங்கே எப்படிக் கிடைக்கும்?

அப்துல் கலாம் அவர்கள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கும் ஒரு பால்ய சம்பவம் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டபடியால், பத்திரிகைக் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, ஓடுகிற ரயிலிலிருந்தே வீசி எறிந்தார்களாம். பத்திரிகை ஏஜெண்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு உதவியாக அந்தக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்த வேலைதான் கலாமுக்கு முதல் சம்பளம் வாங்கிக் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள்: பின்னாளில் ஏவுகணைகளை அனுப்பிய மனிதர் தம் உத்தியோக வாழ்க்கையை, மேலேயிருந்து வருகிற பொருளைப் பிடிப்பதில் ஆரம்பித்திருக்கிறார், அதுவும் நம்முடைய இந்தத் தொலைந்துபோன ரயிலின் தயவில்.

சரி, ஊருக்குள் வருவோம்.

தனுஷ்கோடியில் ரயில் ஸ்டேஷன் ஒன்று. கப்பல் துறையின் அருகிலேயே போய் நிற்பதற்குப் "பியர்" என்று இன்னொரு நிறுத்தம். சென்னையிலிருந்து கப்பல் பிரயாணிகளை ஏற்றிவருகிற "போட் மெயில்" ரயில் வந்து நின்றதும் ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, சுங்க உத்தியோகஸ்தர்களிடமும் வைத்திய உத்தியோகஸ்தர்களிடமும் முகத்தைக் காட்டிவிட்டுக் கப்பலேற வேண்டியது. பிற்காலக் கப்பல்களில் இரண்டுக்கு இர்வின் என்றும் கோஷன் என்றும் பெயர். ஒருவர் வைஸ்ராய், மற்றவர் சென்னை கவர்னர். (இருபத்திரண்டு மைல் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டே போன எத்தனை சுதேச பக்தர்கள், அந்தப் பெயர்களை எண்ணிச் சற்றே ஆறுதல் அடைந்திருப்பார்களோ!) தலைமன்னார்த் துறையில் இறங்கினால் கொழும்பு ரயில் காத்திருக்கும். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் ரயிலுக்கும் கப்பலுக்கும் மறுபடி ரயிலுக்கும் செல்லும்.

ஒரே டிக்கெட். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை வைத்து ஒரு வழக்கு நடத்தப் போகிறேன்.

இந்தப் பாதையில் முதல் வகுப்பில் போன வெள்ளைக்கார தேயிலைத் துரைமார்களைப் பற்றியும், வியாபாரத்துக்குப் போன செட்டியார்களைப் பற்றியும் பேசுகிறவர்கள் உண்டு. ரயிலை நிரப்பியவர்கள் அவர்கள் அல்லர். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிக்கொண்டு போன தோட்டத் தொழிலாளர்கள்தான் நிரப்பினார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதைக் குறிக்கும் எண் பொறித்த ஒரு தகர வில்லையை அவர்களில் எத்தனையோ பேர் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்கள். "டின் டிக்கெட்" என்று அதற்குப் பெயர். பெரிய மனிதர் கையில் காகித டிக்கெட்; ஏழையின் கழுத்தில் தகர டிக்கெட். போகிறபோது மண்டபத்தில், இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் நடத்திவந்த முகாமில் சில நாள் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, காலரா இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு பிறகுதான் ரயிலேற்றி அனுப்பினார்கள். தேயிலை குடிக்கிற சீமைக்காரருக்கு வியாதி வந்துவிடக்கூடாதே!

ஆகவே தனுஷ்கோடி என்கிற ஊரின் தினசரி ஜீவனம் இந்த ஓட்டத்தில் இருந்தது. ரயில்வே சிப்பந்திகள், துறைமுகக் கூலிகள், சுங்கக்காரர்கள், தபால் தந்தி உத்தியோகஸ்தர்கள், யாத்ரீகர்களுக்குச் சங்கல்பம் செய்துவைக்கிற சாஸ்திரிகள், இவர்கள் எல்லோருக்கும் சோறு போட்ட கடைக்காரர்கள். இவர்களோடு, ரயில் வருமுன்பும் இருந்து ரயில் போன பின்பும் இருக்கிற மீனவர்கள். கிணறு தோண்டினால் உப்பு ஊறுகிற பூமியில், இரண்டு புறமும் கடல், நடுவிலே சில பர்லாங்கு மணல்; அங்கே விவேகமுள்ள எவனாவது ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டுவானா? கட்டினார்கள், ரயில் வந்ததனால்.

அந்த ரயிலின் தடத்தை நேரில் தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. பழைய அட்டவணைகளைப் புரட்டி, செயற்கைக்கோள் படத்தில் கோடு தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பிறகு, ஒரு வெயில் காலத்தில் கிளம்பிப் போனேன். (மனைவி வரவில்லை. "இல்லாத ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எதுக்கு?" என்றாள். நியாயந்தான்.)

ராமேஸ்வரத்தில் ஆட்டோக்காரத் தம்பியிடம், "தனுஷ்கோடி ஸ்டேஷன் வரைக்கும் போகணும்ப்பா" என்றேன்.

"எந்த ஸ்டேஷன் சார், போலீஸ் ஸ்டேஷனா?"

"ரயில்வே ஸ்டேஷன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், அது இடிஞ்சே அறுபது வருஷம் ஆச்சு. சர்ச்சுக்கிட்ட இறக்கி விட்டுடறேன், போட்டோ நல்லா வரும்."

"போட்டோ வேண்டாம், ஸ்டேஷன்தான் வேணும்."

"சரி, ஏறுங்க. ரயில் வர்ற வரைக்கும் வெயிட்டிங் போடமாட்டேன்."

இவ்வளவு ரசனையோடு பேசுகிறவரிடம் வாடகையைப் பேரம் பேச மனம் வரவில்லை.

போய்ப் பார்த்ததில் கிடைத்தது சொற்பம். காலைக் கடன் கழித்த நாய்களையும், சங்கு மாலை விற்கிற கடைகளையும் தாண்டி, ஸ்டேஷனின் மிச்சமான சுவர்கள், இஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டியின் தூண்கள், அவ்வளவே. தண்டவாளம் எங்கே போயிற்று என்று அங்கே மாங்காய் கீறி விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். "மண்ணு தின்னது பாதி, மனுசன் தின்னது பாதி, போப்பா" என்றார். சரித்திரப் பேராசிரியர்கள் நாற்பது பக்கத்தில் எழுதுவதை ஏழே சொல்லில் முடித்துவிட்டு, மாங்காய்க்கு மிளகாய்த்தூள் தூவப் போய்விட்டார்.

எந்தப் பலகையும் இல்லை. "இங்கேயிருந்து கொழும்புக்கு டிக்கெட் இருந்தது" என்று ஒரு வரி எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. பேய் இருக்கிற இடத்தில் பலகை எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இனி 1964.

அந்த வருஷத்தின் டிசம்பர் மாதத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய அக்டோபரைப் பற்றி வீடியோக்காரர்களுக்குத் தெரியாது. 1948-இல் இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கிவிட்டிருந்தது. கடவுச்சீட்டும் விசாவும் வந்து, முன்போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிற காலம் மலையேறியிருந்தது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, லால் பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிற்பாடு என்று மனிதர்களைப் பங்கு போட்டார்கள். ஐம்பது வருஷ காலம் ஜனங்களை அக்கரைக்குக் கொண்டுபோன பாதை, இனி அவர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய பாதையாகிவிட்டது. கையெழுத்தின் மை உலர்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் புயல் வந்தது.

டிசம்பர் மத்தியில் அந்தமானுக்குத் தெற்கே உருவான தாழ்வு நிலை புயலாகி, இலங்கையில் வவுனியாப் பக்கம் கடந்து, 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியின் மேல் விழுந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் நம்பர் பாசஞ்சர், நள்ளிரவுக்குச் சற்று முன்பு தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்தபோது பிரம்மாண்டமான அலை ஒன்று எழுந்து அதை முழுவதுமாகக் கொண்டுபோயிற்று. பிரயாணிகள் 110 பேர், சிப்பந்திகள் 5 பேர் என்பது ரயில்வேயின் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை அதிகம் என்பார்கள். எவரும் பிழைக்கவில்லை. இதற்குமேல் இந்த இரவை வர்ணித்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அந்தத் தொழிலை முனகல் சங்கீதக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது, மறுநாளுக்குப் பிறகு நடந்தது.

பாம்பன் பாலத்தின் 126 இரும்பு உத்தரங்களைப் புயல் பெயர்த்துவிட்டது. தூக்குப்பாலம் மட்டும் தப்பி நின்றது. பழுது பார்க்க ஆறு மாதம் பிடிக்கும் என்று ரயில்வே முதலில் மதிப்பிட்டது. வேலையை ஏற்றுக்கொண்ட இளம் இஞ்சினீயர் ஈ. ஸ்ரீதரன் (ஆம், பிற்காலத்து டில்லி மெட்ரோ ஸ்ரீதரன்தான்) கடலில் விழுந்தவற்றைத் தேடி மீட்டு, 46 நாட்களில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார். ராமேஸ்வரத்துக்கு ரயில் மறுபடி ஓடியது. தனுஷ்கோடிக்கு ஓடவில்லை. மனித வாசத்துக்கு லாயக்கற்ற இடம் என்று சென்னை அரசாங்கம் அறிவித்துவிட்டது. கப்பல் துறை ராமேஸ்வரத்துக்கு மாறிற்று. கிளை பிரதானமாயிற்று, பிரதானம் மணலாயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பல், ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களைச் சுமந்து வந்தது. அவர்களுக்கு முதல் நிழல் கொடுத்தது, ஒரு காலத்தில் அவர்களுடைய தாத்தாமார்களுக்கு அம்மை குத்தி அனுப்பிய அதே மண்டபம் முகாம். 1984-இல், இலங்கை யுத்தத்தோடு, கப்பலும் நின்றது.

கடலரிப்புக்குப் பயந்து தண்டவாளத்தைக் கைவிட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மணல் முனையைப் பார்த்த பிறகு, முதலில் அங்கே தண்டவாளம் போட்ட துணிச்சலைத்தான் மெச்சத் தோன்றுகிறது. ஆனால் ஊரைக் கொன்றது புயல் ஒன்றுதான் என்கிற கதையை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. புயல் அடித்த ஊர்கள் எத்தனையோ திரும்ப எழுந்திருக்கின்றன. நாகப்பட்டினமும் கடலூரும் எழவில்லையா? எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். தனுஷ்கோடிக்கு இருந்த ஒரே காரணம் அக்கரைப் போக்குவரத்து; அது சட்டங்களாலும் சீட்டுகளாலும் ஒப்பந்தங்களாலும் புயலுக்கு முன்னரே இளைத்துப்போயிருந்தது. நோயாளியைக் கடைசியில் தொட்ட கை புயலுடையது, அவ்வளவே. இது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம், முனகல் இல்லாமல்.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

அக்கரையில் யுத்தத்தில் நாசமான தலைமன்னார் ரயில் பாதையை இந்தியக் கம்பெனியான இர்கானே திரும்பப் போட்டுக் கொடுத்து, 2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறை வரையில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. இக்கரையில் 2017-இல், தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் கோடியான அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை வந்தது. 2019-இல், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17 கிலோமீட்டர் ரயில் பாதை, 208 கோடி ரூபாய் என்று அடிக்கல் நாட்டினார்கள், தண்டவாளம் வந்தபாடில்லை. 2025 ஏப்ரலில் பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில், செங்குத்தாக மேலே எழும்புகிற புதிய பாலம் திறந்தாயிற்று.

"தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விடவேண்டும்" என்று நான் கொடி பிடிப்பேன் என்று எதிர்பார்த்தீர்களா? மாட்டேன். கப்பல் இல்லாத துறைக்கு ரயில் விடுவது, பெண்ணைப் பார்க்காமல் பந்தல் போடுவது மாதிரி. இருந்த ரயில் இடிபாட்டைச் சுற்றிக் காட்டுவதற்காகப் போடப்பட்டதல்ல. அது ஒரு நீண்ட பிரயாணத்தின் நடுத்துண்டு. ஒரே டிக்கெட் என்றேனே, அதுதான் அந்த ரயிலின் உயிர். டிக்கெட்டை நடுவில் கிழித்துவிட்டு, ஒரு பாதியை மட்டும் 208 கோடிக்கு ஒட்டவைத்து என்ன பிரயோஜனம்? போட்டோ எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு அந்தத் தார்ச்சாலையே தாராளம். ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார் நிறுத்த இடமில்லை.

ஆகவே என் கட்சி இது: முதலில் கப்பல், பிறகு ரயில். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்று நின்று போனாலும், விட முடியும் என்பது நிரூபணமாயிற்று. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் அப்படி ஒன்று ஒழுங்காக ஓடட்டும். எழும்பூரில் கொழும்புக்கு டிக்கெட் கேட்டால் கவுண்டர்க்காரர் சிரிக்காமல் கொடுக்கிற நாள் வரட்டும். அதன் பிறகு தண்டவாளம் ராமேஸ்வரத்தோடு நிற்கலாமா, தனுஷ்கோடி வரையில் போகலாமா என்று இஞ்சினீயர்களும் கடலும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

அதுவரையில் சர்க்காரிடம் நான் கேட்பது ஒரு பலகை. அந்த ஸ்டேஷன் சுவருக்குப் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும், எந்த வண்டி எங்கிருந்து வந்து எங்கே போயிற்று, அதில் யார் யார் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று பத்து வரி. செலவு அதிகம் ஆகாது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருந்தால், இந்த வாரம் ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். போட் மெயில் டிக்கெட்டோ, தகர வில்லையோ அகப்பட்டால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பேய் வீடியோ அகப்பட்டால் மட்டும் தயவுசெய்து என் அத்தை மகனுக்கு அனுப்பிவிடுங்கள்.